இரு விழியும் ஒரு நோக்கும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் பேசுவோர் ஒவ்வொருவரும் இலக்கியத்துக்குப் புறத்தேயுள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் பணித்தார். இரண்டு கேமராக்கள் பொருத்திய ரோபோ அசையும் பொருளை எவ்வாறு நோக்குகிறது என்பதே என் பொருள் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, நீங்கள் தொல்காப்பியத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்தானே?" என்று கேட்டார். ஆம், செய்யுளியல் உரைகளே என் ஆய்வுப் பொருள். அவ்வாய்வில் என்னைப் பல்லாண்டு விடாது பற்றிக்கொண்டிருந்த சொல் 'நோக்கு' என்பது. அச்சொல்லே என்னை இவ்வெந்திரங்களிடம் கொண்டு சேர்த்தது. ஆயினும் அதற்கும் முந்தைய காரணம் ஒன்று உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது இதே புளியந்தோப்பில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். என் தந்தையார், நாங்கள் நைனா என்றழைப்போம், ஆலையில் தறி ஓட்டியவர். ஓய்வு நாளில் அவர் உயிர் மொட்டை மாடியில் இருந்தது. புறா வளர்த்தார். பந்தயத்துக்கு விட்ட புறா மேலே மேலே ஏறி, கடுகளவாகி, பின் அதுவும் ஐயமாகிவிடும். நைனா மட்டும் அண்ணாந்த தலை தாழாமல் நின்றுகொண்டிருப்பார். என்னை அருகில் இழுத்து, "அதோ பாரு கண்ணு, தெரிதா?" என்பார். "தெரிது நைனா" என்பேன். உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்க பாக்கற நீ? மேல பாருன்னா பக்கத்து மாடிய பாத்துக்கினு கீற!" என்று கடிந்துகொள்வார். நான் பொய் சொல்லவில்லை. புறாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலக்கண் புறாவைப் பார்த்தது. இடக்கண் அதன் போக்கில் எங்கோ பார்த்தது. எனக்கு மாறுகண். நைனா பார்த்தது என் இடக்கண்ணை.

பள்ளியிலும் இக்கதையே நடந்தது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே, சன்னலைப் பார்த்ததற்காக அடி வாங்கியிருக்கிறேன். "ஒண்ணரைக் கண்ணு" என்ற பட்டம் முனைவர் பட்டத்துக்கு முன்னரே எனக்கு வழங்கப்பட்டுவிட்டது. பன்னிரண்டாம் வயதில் அறுவை செய்து விழித்தசையைச் சீர்படுத்தினார்கள். இன்று என்னைக் காண்பவர்க்கு என் கண்கள் நேராகவே தோன்றும். ஆனால் நேராக நிற்பது வேறு, இரண்டும் சேர்ந்து ஒன்றைக் காண்பது வேறு. இது பின்னரே எனக்குத் தெரிந்தது.

நிற்க. நோக்குதல் என்பது என்ன? கண் திறந்திருக்கிறது, ஒளி வந்து விழுகிறது, ஆகவே காண்கிறோம் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அன்பர்கள் தம் கையிலுள்ள அழைப்பிதழை முகத்துக்கு நேரே பிடித்து விரைவாக இடவலமாக ஆட்டிப் பாருங்கள். எழுத்து கலங்கிவிடும். இப்போது அழைப்பிதழை அசையாமல் வைத்துத் தலையை அதே விரைவில் ஆட்டுங்கள். எழுத்தைப் படிக்க முடிகிறதல்லவா? முன்வரிசையில் சிலர் வியப்பது எனக்குத் தெரிகிறது. கண்ணுக்கும் தாளுக்கும் இடையிலான அசைவு இரண்டிலும் ஒன்றே. ஆயினும் தலை அசையும்போது உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு அதனை உணர்ந்து, ஏறத்தாழ விநாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் விழிகளை எதிர்த்திசையில் திருப்பிவிடுகிறது. தாள் அசையும்போதோ கண் அதைக் கண்ட பின்னரே பின்தொடர வேண்டும். அதற்கு அதைவிடப் பன்மடங்கு நேரம் பிடிக்கிறது.

கண்ணின் அசைவுகள் ஐவகை என 1903-ஆம் ஆண்டிலேயே ரேமண்ட் டாட்ஜ் என்னும் அமெரிக்க உளவியலார் வகுத்தார். அவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று. ஒன்று தாவுதல். விழித்திரையின் நடுவே மிகச் சிறு குழி ஒன்றில்தான் கூர்மையான பார்வை உண்டு. நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவே அதன் பரப்பு. ஏனைய இடமெல்லாம் மங்கல்தான். ஆதலால் கண் விநாடிக்கு மூன்று முறையளவில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவிக்கொண்டேயிருக்கிறது. தாவும் கணத்தில் நாம் ஏறக்குறையக் குருடர். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழி நகர்வதை ஒருபோதும் காணமாட்டீர்கள். அருகில் நிற்பவர் காண்பார்.

இரண்டாவது தொடர்தல், அதாவது நகரும் பொருளோடு விழியும் வழுக்கிச் செல்லுதல். இதில் ஒரு விந்தை உண்டு. நகரும் பொருள் எதிரே இல்லாமல் வெறும் சுவரில் விழியை வழுவழுப்பாக ஓட்டிச் செல்ல நம்மால் இயலாது. முயன்றால் விழி தாவித் தாவியே செல்லும். தாவலும் தொடர்தலும் ஒன்றாய்க் காண வேண்டுமாயின் பேசின் பிரிட்ஜ் நிலையத்தில் நில்லுங்கள். மெதுவாகச் செல்லும் மின்தொடரில் சன்னலோரம் இருப்பவர் கண்களைக் கவனியுங்கள். ஒரு கம்பத்தைத் தொடர்ந்து பின்னோக்கி வழுக்கும். சட்டென முன்னோக்கித் தாவும். அடுத்த கம்பத்தைப் பற்றும். அவர் எதையும் பார்க்காமல் வெறுமனே உட்கார்ந்திருப்பதாகவே எண்ணியிருப்பார்.

மூன்றாவது, இரு விழிகளும் ஒன்றை நோக்கிக் குவிதல். மனிதர் இரு விழிகளுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த இடைவெளி. முப்பது சென்டிமீட்டர் தொலைவில் உள்ள புத்தகத்தை இரு கண்ணும் காண வேண்டுமானால் அவ்விரு பார்வைக் கோடுகளும் ஏறத்தாழ 12 பாகைக் கோணத்தில் சந்திக்க வேண்டும். ஆறு மீட்டர் தொலைவில் அக்கோணம் அரைப் பாகையை ஒட்டிவிடுகிறது. எனவே உச்சிவானத்துப் புறாவுக்கு இரு கண்ணும் ஒரு கண்ணே. மாடிச் சுவரில் வந்திறங்கும் புறாவுக்குத்தான் இரண்டும் வேண்டும்.

இனி எந்திரத்துக்கு வருவோம். தொடக்கக் கால ரோபோக்களின் கண் பெரும்பாலும் அஞ்சல் பெட்டி போன்றது. படம் வந்து விழும். கணிப்பொறி அதனை அலசி, எது மேசை, எது கதவு, எது எவ்வளவு தொலைவு என்று உலகம் முழுவதையும் உள்ளே திரும்பக் கட்டி முடிக்க முயலும். கட்டி முடிப்பதற்குள் உலகம் மாறிவிடும். 1988-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து ருசேனா பாய்ச்சி என்னும் அம்மையார், காண்பது பெறுவது அன்று, செயல் என்று எழுதினார். நாம் வெறுமனே காண்பதில்லை, தேடி நோக்குகிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். 1991-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து டேனா பல்லார்டு அதே கருத்தை உயிருள்ள பார்வை என்னும் பொருள்படும் தலைப்பில் விரித்தார். விழியை அசைக்க முடிந்தால் கணக்கு கடினமாகாது, எளிதாகும் என்பது அவர் கண்டது.

இத்துறையில் நம் மண்ணின் தொடர்பு இல்லாமலில்லை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1979-இல் ரோபோ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி நடத்திய ராஜ் ரெட்டி, நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். 1994-இல் டூரிங் விருது பெற்ற முதல் ஆசியர். படத்தொடர்களிலிருந்து அசைவை அளப்பது எவ்வாறு என்று 1987-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்த பி. ஆனந்தன் சென்னை ஐ.ஐ.டி. மாணவர். இவற்றைச் சொல்லி நாம் மார்தட்ட வேண்டியதில்லை. அறிந்திருந்தால் போதும்.

ராச்செஸ்டரில் டேவிட் கூம்ஸ், கிறிஸ்டோபர் பிரௌன் இருவரும் செய்த வேலையே இன்று நான் சொல்ல வந்தது. 1993-இல் அதனை விரிவாக வெளியிட்டனர். எந்திரக் கை ஒன்றின் நுனியில் இரண்டு கேமராக்கள். மேலும் கீழும் இரண்டும் ஒன்றாகவே திரும்பும். பக்கவாட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியே திரும்பும். அசையும் பொருள் ஒன்றை அவை விடாது நோக்க வேண்டும். பொருள் இன்னதென்று முன்கூட்டியே சொல்லப்பட மாட்டாது.

இங்கே ஓர் இடர். கேமரா திரும்பும்போது படத்தில் சுவரும் நகர்கிறது, கதவும் நகர்கிறது, பொருளும் நகர்கிறது. இவற்றுள் உண்மையில் நகர்வது எது? அவர்கள் கண்ட வழியை ஈரண்டு விரல்களைக் கொண்டே விளக்கிவிடலாம். ஒரு விரலை முகத்துக்கு அருகிலும் மற்றொன்றைக் கை நீளத்திலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடியுங்கள். தொலைவிலுள்ள விரலை நோக்குங்கள். அருகிலுள்ளது இரண்டாகத் தோன்றும். அருகிலுள்ளதை நோக்கினால் தொலைவிலுள்ளது இரண்டாகும். அதாவது இரு விழியும் குவிந்த தொலைவில் உள்ளது மட்டுமே ஒன்றாக இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ளவை எல்லாம் பிளந்துபோகின்றன. எந்திரத்துக்கும் அவ்வாறே. இரு கேமராப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரண்டிலும் ஒரே இடத்தில் விழுவதை மட்டும் வைத்துக்கொள், இடம் மாறுபடுவதைத் தள்ளிவிடு என்று கட்டளையிட்டனர். சுவர் தள்ளப்பட்டது, கதவு தள்ளப்பட்டது, எஞ்சியது பொருள் மட்டும். அதன் நடுவிடத்தைக் கணித்து, அது படத்தின் நடுவுக்கு வருமாறு இரு கேமராக்களையும் திருப்ப வேண்டியதுதான்.

பொருள் அருகில் வந்தால், அல்லது விலகிப் போனால்? இரு படங்களையும் ஒப்பிட்டு வேறுபாட்டை அளந்து, அதற்கேற்பக் குவிவை மாற்றும் வேலை இன்னொரு புறம் இடைவிடாது நடக்கிறது. ஒன்று எவ்வளவு தொலைவு என்று கேட்கிறது. மற்றொன்று எந்தப் பக்கம் என்று கேட்கிறது. குவிவு பிழைத்தால் வேறொரு பொருள் ஒன்றாகிவிடும், எந்திரம் அதனைத் தொடரும். தொடர்தல் பிழைத்தால் குவிவு தவறான பொருளை அளக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரு சீட்டுகள் போன்றவை. அதே தொலைவில் இன்னொரு பொருள் பக்கத்தில் வந்துவிட்டாலும் இம்முறை மயங்கும். சோடிப் புறா பறந்தால் அதற்குத் திண்டாட்டம்தான்.

என்னை ஈர்த்தது இம்முறையின் குறை அன்று. அந்த எந்திரத்துக்கு அது பந்தா பறவையா என்று தெரியாது. பெயர் அறியாமலே, இலக்கணம் அறியாமலே, ஒன்றை விடாது நோக்க முடிகிறது. நாமோ பெயரிட்டுவிட்டால் நோக்கிவிட்டதாகவே கொள்கிறோம். கவிஞர்கள் இருக்கும் அவையில் இதனை நான் விரிக்க வேண்டியதில்லை.

மற்றோர் இடர் காலத்தாழ்வு. படம் பிடித்து, கணித்து, கேமராவைத் திருப்புவதற்குள் பொருள் அங்கே இராது. இருந்த இடத்துக்குத் திரும்பி, அடடா என்று மிகையாகத் திருத்தி, மறுபுறம் போய், கேமரா கள்ளுண்டவன் போல ஆடத் தொடங்கிவிடும். இதற்குத் தீர்வு, இருந்த இடத்தை நோக்காமல், இருக்கப்போகும் இடத்தை நோக்குவது. இதுவரை சென்ற விரைவில் இன்னும் சிறிது செல்லும் என்று கொண்டு, எந்திரம் அங்கே திரும்பிக் காத்திருக்கிறது. வந்தால் சரி, வராவிட்டால் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. புறா ஆலைப் புகைபோக்கிக்குப் பின்னே மறைந்ததும் நைனாவின் கண் புகைபோக்கியின் மறுகரைக்குப் போய்விடும். நான் மறைந்த கரையிலேயே தேடிக்கொண்டிருப்பேன்.

நம் நாட்டில் இரு கேமரா ரோபோ இல்லையா என்று நேற்று ஒரு மாணவி கேட்டாள். இருந்தது, நிலவில். 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் தரையிறங்கிய சந்திரயான்-3 சுமந்து சென்ற பிரக்யான் ஊர்திக்கு வழிகாண இரண்டு கேமராக்கள் இருந்தன. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். ஊர்தியின் படங்கள் பூமிக்கு வந்து, இங்குள்ளோர் மேடுபள்ளம் கணித்து, வழி சொல்லி அனுப்பினார்கள். ஆகஸ்டு 27-ஆம் நாள், நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று மூன்று மீட்டர் முன்னே இருப்பது தெரிந்து, வந்த வழியே திரும்பப் பணித்தார்கள். நிலவிலிருந்து செய்தி வந்து சேர ஒரு விநாடிக்கு மேலாகும். அக்காலத்தாழ்வு அங்கே யாரையும் வருத்தவில்லை. பள்ளம் ஓடிவிடாது. அங்கே பறக்கும் புறா இல்லை.

புறாவைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் நைனாவுக்குத் துரோகம் செய்தவளாவேன். புறா நடக்கும்போது தலையாட்டிக்கொண்டே நடக்கிறதே, ஏன்? 1978-இல் பேரி ஃபிராஸ்ட் என்னும் ஆய்வாளர் புறாவை ஓடும் பட்டை ஒன்றின்மேல் நடக்க விட்டார். புறா நடந்தது, ஆனால் இடம் பெயரவில்லை, சுற்றுப்புறம் நகரவில்லை. தலையாட்டம் நின்றுவிட்டது. உண்மையில் அது தலையை ஆட்டவில்லை. தலையை வெளியில் ஓரிடத்தில் அசையாமல் நிறுத்துகிறது. உடல் முன்னே செல்கிறது. பின் தலையை எறிந்தாற்போல் முன்னே நீட்டி மீண்டும் நிறுத்துகிறது. நாம் விழியால் செய்வதை அது கழுத்தால் செய்கிறது. எங்கள் மாடியில் ஒருவரை ஒருவர் நோக்கிக்கொண்டு நின்ற அனைவரும் உலகை நிறுத்திப் பிடிக்கவே பாடுபட்டுக்கொண்டிருந்தோம் போலும்.

இப்போது என் பழைய சொல்லுக்கு வருகிறேன். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்புகளாக முப்பத்து நான்கனை எண்ணுகிறார். மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று செல்லும் அவ்வரிசையில் தொடையை அடுத்து நிற்பது நோக்கு. மாத்திரை முதல் அடி ஈறாக நோக்குதற்குக் காரணமாய் அமைவது அது என்கிறார். இளம்பூரணர் உரை எழுதும்போது, எடுத்த பொருளை முடிக்கும் வரையில் வேறொன்றையும் நோக்காமல் அதனையே நோக்கி நிற்கும் நிலை என்ற பொருள்பட விளக்குகிறார். ஒரே நோக்காகச் செல்வது, பல நோக்காகச் செல்வது, இடையிட்டு நோக்குவது என மூவகையும் காட்டுகிறார். பேராசிரியரோ அகநானூற்று முல்லைப் பாட்டொன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று நோக்கிச் செல்கிறார்.

இதனைக் கேட்டவுடன், ஆகா, தாவலும் தொடர்தலும் நம் உரையாசிரியர்க்கு அன்றே தெரிந்திருந்தன என்று சொல்லத் துடிக்கும் அன்பர்கள் இவ்வவையில் இருக்கக்கூடும். பணிவுடன் மறுக்கிறேன். இளம்பூரணர் கண்ணைப் பற்றி எழுதவில்லை, பாட்டைப் பற்றி எழுதினார். எந்திரம் செய்தோர் பாட்டைப் பற்றிக் கருதவே இல்லை. இருவேறு இடத்தில் நின்ற இருவர், நோக்கு என்பது தானே வந்து விழுவது அன்று, நிறுத்திப் பிடிக்கப்படுவது என்று கண்டார்கள். இரண்டு பார்வைகளுக்கும் இடைவெளி இருக்கிறது. ஆகவேதான் நடுவில் உள்ள பொருளின் தொலைவு நமக்குத் தெரிகிறது. இடைவெளியை அழித்து இரண்டும் ஒன்றே என்றால் தொலைவும் போய்விடும்.

என் ஆய்வேட்டில் நான் தவறவிட்டதொன்றும் உண்டு. பிறிது நோக்காமை என்பதனை மனவுறுதி என்றே அப்போது எழுதினேன். ராச்செஸ்டர் எந்திரத்தைப் பற்றிப் படித்த பின் எனக்குத் தோன்றுவது வேறு. ஒன்றைப் பற்றிவிட்டால் பிறவற்றை விலக்க வேண்டியதில்லை. அவை தாமே பிளந்து போகின்றன. நல்ல முல்லைப் பாட்டில் தேர் நிற்கிறது, மணி நிற்கிறது, அதனைச் சூழ்ந்த காடு மங்கிவிடுகிறது. புலவர் காட்டை அழிக்கவில்லை. நம் இன்றைய கவிதைகள் பலவற்றில், என்னுடையவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், எல்லாமே ஒரே கூர்மையில் நிற்கின்றன. ஏதும் ஒன்றாகவில்லை என்பதே அதன் பொருள் என நினைக்கிறேன்.

நோக்குவது மட்டுமன்று, நோக்கப்படுவதும் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ராட்னி புரூக்ஸ் குழுவினர் 1993 முதல் உருவாக்கிய 'காக்' என்னும் ரோபோவுக்கு ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு கேமராக்கள். ஒன்று அகலமாகக் காண, ஒன்று கூர்ந்து காண. அங்கேயே சிந்தியா பிரசீல் செய்த 'கிஸ்மெட்' என்பதற்குப் பெரிய கண்களும் இமைகளும் வைத்தார்கள். அது எங்கே பார்க்கிறது என்பது எதிரே இருப்பவர்க்குத் தெரிய வேண்டும் என்பது ஒரு நோக்கம். விழி திரும்பும் பக்கம் நாமும் திரும்புகிறோம். அதனை வைத்தே எதிரிலுள்ளது நம்மைக் கவனிக்கிறதா என்று முடிவு செய்கிறோம். எந்திரத்தின் கண்ணைப் பிறர் சரியாகப் படிக்க வேண்டுமென்று இத்தனை அறிஞர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று அறிந்த அன்று, சன்னலைப் பார்த்ததற்காக அடி வாங்கிய அச்சிறுமியை நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இறுதியாக என் கண்ணைப் பற்றி. சிறு வயது மாறுகண்ணில் மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடக் கற்றுக்கொள்கிறது. அறுவை விழியைத் திருத்தும். ஒதுக்கிய பழக்கத்தை எப்போதும் திருத்துவதில்லை. சற்று முன் நான் சொன்ன ஈரண்டு விரல் சோதனை உங்கள் பெரும்பாலோர்க்குப் பலித்திருக்கும். எனக்குப் பலிக்காது. நோக்கு பற்றி முந்நூறு பக்கம் எழுதிய நான், அந்த எந்திரம் செய்வதை ஒரு நாளும் செய்ததில்லை. ஊசியில் நூல் கோக்க இன்றும் என் மகளைத்தான் அழைக்கிறேன்.

சூசன் பாரி என்னும் அமெரிக்க நரம்பியல் பேராசிரியர், குழந்தைப் பருவம் முதல் மாறுகண் உடையவர், நாற்பத்தெட்டாம் வயதில் பயிற்சியால் இரு கண்ணும் சேர்ந்து காணும் ஆற்றலைப் பெற்றார். அதனை 2009-இல் நூலாக எழுதினார். அதைப் படித்துவிட்டு, கண் மருத்துவரிடம் கேட்டேன். முயன்று பாருங்கள், உறுதி கூற இயலாது என்றார். ஒரு கயிறும் மூன்று வண்ண மணிகளும் கொடுத்தார். கயிற்றின் ஒரு முனையைச் சன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்து, ஒரு மணியை நோக்க வேண்டும். இரு கண்ணும் சேர்ந்து நோக்கினால் மணி ஒன்றாகவும், கயிறு இரண்டாகவும் தெரியும். இரு கயிறுகளும் மணியில் வந்து குறுக்கிடும். ஒரு கண் மட்டும் நோக்கினால் கயிறு ஒன்றே.

ஆறு மாதமாக நாள்தோறும் விடியலில் அம்மணிகளை நோக்கிக்கொண்டிருக்கிறேன். எதிர் மாடியில் யாரோ ஒரு பையன் புறா விடுகிறான். சிவப்பு மணி தெளிவாக ஒன்றாகவே தெரிகிறது. கயிறும் ஒன்றாகவே தெரிகிறது. சென்ற வாரத்தில் இரண்டு நாள், மிக மெல்லியதாக, இரண்டாவது கயிறு ஒன்று வந்து நடுங்கி, நான் அதைப் பார்க்கத் திரும்புவதற்குள் மறைந்தது.